மெட்ராஸ் டெஸ்டும் குல்னா கலவரமும்

1964 ஜனவரி 10ஆம் தேதி சென்னை கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில் இங்கிலாந்துக்கு எதிரான முதல் டெஸ்ட் தொடங்கியது. தொடக்க ஆட்டக்காரராக இறங்கிய விக்கெட் கீப்பர் புதி குந்தரன் 192 ரன் குவித்தார். மஞ்ச்ரேக்கரும் சதம் அடித்தார். ஆட்டம் டிரா. அந்தத் தொடரின் ஐந்து டெஸ்ட்களுமே டிராவில்தான் முடிந்தன என்பதால், கிரிக்கெட் பைத்தியங்களைத் தவிர வேறு யாரும் இன்று அதை நினைவில் வைத்திருக்க நியாயமில்லை. ஆனால் இந்தியாவில் எழுதப்பட்ட முக்கியமான நாவல்களில் ஒன்றின் முடிச்சு அந்த ஆட்டத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவிழ்கிறது. அமிதாவ் கோஷ் 1988இல் எழுதி, அடுத்த ஆண்டே சாகித்ய அகாதமி விருது பெற்ற 'நிழல் கோடுகள்' நாவல் அது. அதன் கதைசொல்லி, டெல்லியில் படிக்கும் இளைஞன், 1964இல் கல்கத்தாவில் பெரிய கலவரம் நடந்ததாக நண்பர்களிடம் சொல்கிறான். என்ன கலவரம், அப்படி எதுவும் கேள்விப்படவில்லையே என்கிறார்கள் அவர்கள். ஸ்கூல் பஸ்ஸில் பயந்து நடுங்கியபடி வீடு திரும்பிய நாள் அவனுக்குக் கண்முன் நிற்கிறது, ஆனால் தேதி தெரியாது. அன்று பஸ்ஸில் பையன்கள் டெஸ்ட் மேட்ச் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது மட்டும் நினைவிருக்கிறது. தீன்மூர்த்தி பவன் நூலகத்தில் பழைய செய்தித்தாள் கட்டுகளைப் புரட்டி, மெட்ராஸ் ஆட்டத்தை வைத்து அந்த வாரத்தைக் கண்டுபிடிக்கிறான். கிடைத்த முதல் பக்கத்தின் தலைப்புச் செய்தி புவனேஸ்வர் காங்கிரஸ் மாநாடு. கலவரச் செய்தி ஒன்று கீழே இருக்கிறது. ஆனால் அது கல்கத்தாவைப் பற்றியதல்ல, எல்லைக்கு அந்தப் பக்கம் கிழக்குப் பாகிஸ்தானில் உள்ள குல்னாவைப் பற்றியது.

குடும்ப நினைவு, புலப்பெயர்வு, சொந்த ஊர் என்று ஒரு நாவலை அறிமுகப்படுத்தினால் நமக்கு உடனே ஒரு வார்ப்பு மனதில் வந்துவிடும். விட்டுவந்த வீடு, கிணற்றடி, பாட்டியின் கைமணம், போய்ப் பார்க்க முடியாத ஏக்கம். நல்ல நாவல்கள் பலவும் இந்த வார்ப்பில் வந்திருக்கின்றன, மோசமான நாவல்கள் அதைவிட அதிகமாக வந்திருக்கின்றன. 'நிழல் கோடுக'ளையும் அந்த வரிசையில் வைத்துப் படிப்பவர்கள் உண்டு. அப்படிப் படித்தால் அதன் முதுகெலும்பு கைக்கு அகப்படாமல் போய்விடும் என்பது என் வாதம். இந்த நாவலுக்கு ஏக்கத்தின் மீது பெரிய மரியாதை இல்லை. குடும்பம் எதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது என்பதைவிட, எதைச் சொல்லாமல் மறைக்கிறது, ஏன் மறைக்கிறது என்பதில்தான் அதன் கண். சொல்லாமல் விட்டதைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் நினைவை மட்டும் நம்பினால் போதாது, அதைப் பத்திரிகையோடும் வரைபடத்தோடும் ஒத்துப் பார்க்க வேண்டும் என்கிறது அது. குடும்பக் கதைபோலத் தொடங்கி விசாரணையாக முடியும் நாவல் இது.

கதையின் மனிதர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பெயர் சொல்லப்படாத கதைசொல்லி 1952இல் கல்கத்தாவில் பிறந்தவன். அவனுடைய பாட்டி, வீட்டில் எல்லோருக்கும் தாம்மா, டாக்காவில் பிறந்தவர். பர்மாவில் ரயில்வே எஞ்சினியரான கணவரோடு வாழ்ந்து, இளம் வயதிலேயே விதவையாகி, கல்கத்தாவில் பள்ளி ஆசிரியையாக வேலை பார்த்து மகனை வளர்த்து ஆளாக்கியவர். பாட்டியின் தங்கை மாயாதேவி, வெளியுறவுத் துறை அதிகாரியின் மனைவி. மாயாதேவியின் மகன் திரிதீப்தான் நாவலின் மையம். சேன வம்ச காலத்து வங்காளத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்வதாகப் பேர், பெரும்பாலும் தெருமுனை அரட்டையில்தான் இருப்பான். 1939இல் சிறுவனாக லண்டன் போய், குண்டு விழுந்த காலத்தில் அங்கே இருந்தவன். அந்தத் தெருக்களையெல்லாம் ஒரு அட்லஸை வைத்துக்கொண்டு கதைசொல்லிக்குச் சொல்லிச் சொல்லிப் பதிய வைத்தவன். அந்த திரிதீப் 1964இல் டாக்காவில் இறந்துவிடுகிறான். விபத்து என்று கதைசொல்லியின் அப்பா சொல்கிறார், இதைப் பற்றி யாரிடமும் பேசக் கூடாது என்று உறுதிமொழியும் வாங்கிக்கொள்கிறார். மரணம் நடந்துவிட்டது என்பது நாவலின் ஆரம்பத்திலேயே நமக்குத் தெரியும், எப்படி நடந்தது என்பது கடைசிப் பக்கங்களுக்கு முன்னால் தெரியாது. 'போதல்', 'வீடு திரும்பல்' என்ற இரண்டு பாகங்களுக்குள் காலம் முன்னும் பின்னுமாக அலைகிறது. இந்த அலைச்சலை வெறும் வடிவ விளையாட்டு என்று சலித்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். பேசக் கூடாது என்று தடுக்கப்பட்ட பையனுக்கு ஒரு விஷயம் எப்படித் துண்டு துண்டாக வந்து சேருமோ அப்படித்தான் நமக்கும் வந்து சேர்கிறது என்று பார்த்தால், வேறு எந்த வடிவமும் இதற்குப் பொருந்தியிருக்காது.

நாவலில் வரும் எல்லைகளில் முதலாவது தேசத்தின் எல்லை அல்ல. டாக்காவில் ஜிந்தாபஹார் சந்தில் இருந்த பாட்டியின் பூர்வீக வீட்டில் தாத்தா போனதும் அண்ணன் தம்பிக்குள் தகராறு. வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரிக்கிறார்கள். இருவரும் வக்கீல் குடும்பத்துப் பிள்ளைகள், ஒரு அங்குலம்கூட விட்டுக்கொடுக்க மனமில்லை. சுவர் கதவு நிலைகளுக்குக் குறுக்கே போகிறது, கழிப்பறைக்குள் நுழைந்து பழைய கம்மோடையும் இரண்டாகப் பிளந்துகொண்டு போகிறது. அப்பாவின் பெயர்ப்பலகையைக்கூட ஆளுக்குப் பாதி என்று வெட்டிக்கொள்கிறார்கள். சுவர் எழுந்த பிறகு பேச்சுவார்த்தை நின்றுவிடுகிறது, பெரியப்பா பக்கத்து வீட்டில் என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாமல் போகிறது. தங்கையைப் பயமுறுத்தவும் சிரிக்கவைக்கவும் அக்கா ஒரு கதை கட்டுகிறாள்: அந்தப் பக்கம் எல்லாமே தலைகீழ், புத்தகத்தைப் பின்னாலிருந்து படிப்பார்கள், கட்டிலுக்கு மேலே படுக்காமல் அடியில்தான் படுப்பார்கள். பிள்ளைகள் வளர்ந்த பிறகு, சொன்னவளுக்கே அதில் பாதி நிஜம் போலத் தோன்ற ஆரம்பிக்கிறது. பாகப்பிரிவினைச் சுவர் பார்த்துப் பழகிய தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த இடத்தில் விளக்கமே வேண்டாம். நாவலின் பிற்பகுதி முழுவதும் இந்தச் சுவரின் விரிவுதான். கோடு போட்ட பிறகு அந்தப் பக்கத்தைப் பற்றிய அறிவு நின்றுவிடுகிறது, அந்த வெற்றிடத்தில் கதை வந்து உட்கார்ந்துகொள்கிறது. வீட்டுக்குள் இருக்கும்வரை அந்தக் கதை வேடிக்கை, இரண்டு நாடுகளுக்கு நடுவே வந்துவிட்டால் உயிரை வாங்கும்.

தங்கையின் கணவருக்கு டாக்காவில் வேலை மாற்றம் கிடைத்ததும், அங்கே தனியாகக் கிடக்கும் கிழட்டுப் பெரியப்பாவை அழைத்துவரலாம் என்று பாட்டி 1964 ஜனவரித் தொடக்கத்தில் கிளம்புகிறார். பயணப் படிவத்தில் பிறந்த ஊர் என்ற இடத்தில் டாக்கா, தேசம் என்ற இடத்தில் இந்தியா. இரண்டும் ஒரே தாளில் ஒட்டாமல் நிற்பதைப் பார்த்து அந்தக் கறார் பேர்வழி தடுமாறுகிறார். விமானத்திலிருந்து பார்த்தால் எல்லை தெரியுமா, அகழியாவது பீரங்கியாவது இருக்குமா என்று கேட்டு மகனின் கேலிக்கு ஆளாகிறார். அசட்டுத்தனமான கேள்வியாகத் தோன்றினாலும், அந்த எல்லையின் வரலாறு தெரிந்தவருக்கு அவர் மேல் சிரிப்பு வராது. சிரில் ராட்கிளிஃப் இந்தியாவுக்கு வந்து இறங்கியது 1947 ஜூலை 8. அவர் கிழித்த கோடு வெளியானது ஆகஸ்ட் 17, அதாவது சுதந்திரம் வந்து இரண்டு நாள் கழித்து. இந்துக்கள் சற்றே கூடுதலாக இருந்த குல்னா மாவட்டத்தில் இந்தியாவோடு சேரப்போகிறோம் என்று நம்பி மூவர்ணக் கொடி ஏற்றினார்கள், முஸ்லிம்கள் அதிகமாக இருந்த முர்ஷிதாபாத்தில் பாகிஸ்தான் கொடி பறந்தது. அறிவிப்பு வந்ததும் இரண்டு ஊரிலும் கொடியை இறக்கி மாற்றினார்கள். அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் இரு வங்காளங்களுக்கும் இடையே மக்கள் பாஸ்போர்ட் இல்லாமல் போய்வந்துகொண்டிருந்தார்கள். 1952 அக்டோபரில்தான் பாஸ்போர்ட்டும் விசாவும் வந்தன. ஆக, 1964இல் பாட்டி தேடிய கோடு தரையில் இன்னும் முழுசாகப் பதியாத ஒன்று.

டாக்கா வீட்டில் இப்போது பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் ஓடிவந்த முஸ்லிம் அகதிகள் குடியிருக்கிறார்கள். முற்றத்தில் மோட்டார் ஒர்க்‌ஷாப். பெரியப்பாவைப் பார்த்துக்கொள்வது சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டும் கலீல். கிழவருக்கு வந்திருப்பது யார் என்றே பிடிபடவில்லை. தம்பி வகையறா வந்தால் வீட்டுக்காகக் கோர்ட்டுக்குப் போவேன் என்று அந்த நேரத்திலும் வழக்குத் தயாராக வைத்திருக்கிறார். இந்தியாவுக்கு வாருங்கள் என்றால் மறுக்கிறார். ஒருமுறை கிளம்பினால் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டியதுதான், நாளைக்கு இன்னொரு கோடு போட்டால் எங்கே போவது என்பது அவர் தர்க்கம். புத்தி பேதலித்த கிழவர் என்று எல்லோரும் ஒதுக்கும் மனிதரின் வாயில் நாவலின் ஆகத் தெளிவான அரசியல் பேச்சை வைத்தது கோஷின் குறும்பு. கடைசியில் எப்படியோ சமாதானம் சொல்லி அவரை ரிக்‌ஷாவில் ஏற்றுகிறார்கள். முன்னால் கார், பின்னால் கலீலின் ரிக்‌ஷா. வழியில் கும்பல். காரில் இருப்பவர்கள் தப்பிக்கலாம். பாட்டி வண்டியை எடு என்கிறார். லண்டனிலிருந்து வந்திருக்கும் திரிதீப்பின் தோழி மே கேட்கவில்லை, கிழவரைக் காப்பாற்ற இறங்கி ஓடுகிறாள். அவள் பின்னால் திரிதீப் ஓடுகிறான். கிழவர், கலீல், திரிதீப் மூன்று பேரும் கொல்லப்படுகிறார்கள்.

இந்தக் காட்சி நமக்கு நேராக வருவதில்லை. அப்போது சிறுவனாகக் காரில் இருந்த திரிதீப்பின் தம்பி ரோபி, பல ஆண்டு கழித்து லண்டனில் ஒரு வங்கதேசத்துக்காரரின் உணவகத்தில், டாக்காவில் எந்தத் தெரு என்று முதலாளி யதார்த்தமாகக் கேட்கப்போய், தன்னை விடாமல் துரத்தும் கெட்ட கனவாக அதைச் சொல்லிவிடுகிறான். பாட்டி சொல்லவே இல்லை, அடுத்த ஆண்டு பாகிஸ்தான் போரின்போது கணவர் கொடுத்த தங்கச் சங்கிலியை யுத்த நிதிக்குக் கொடுத்துவிட்டு, ரேடியோவின் கண்ணாடியைக் கையால் உடைத்து ரத்தம் வழிய நிற்கிறார். நாவலின் கடைசியில் மே மட்டும், பதினைந்து ஆண்டுக்கும் மேலாக அது தன்னால் வந்த சாவு என்ற பாரத்தைச் சுமந்த பிறகு, நடந்ததை நடந்தபடி சொல்கிறாள். ஒரே சாவுக்கு மூன்று சாட்சி, அவை வந்து சேரும் விதமும் மூன்று. இதற்குள் 'பாட்டி சொன்ன கதை' வகைக் குடும்ப நினைவுக்கு இடமே இல்லை. பாட்டி வாய் திறந்து சொன்னவை டாக்காவின் பழம் பெருமைகள், வாசகரைக் கட்டிப்போடுவது அவர் வாய் திறக்காத ஒன்று.

இங்கேதான் செய்தித்தாள் கட்டு உதவிக்கு வருகிறது. 1963 டிசம்பர் 27 அன்று ஸ்ரீநகர் ஹஸ்ரத்பால் பள்ளிவாசலிலிருந்து நபிகளின் திருமுடி காணாமல்போனது. காஷ்மீர் கொதித்தது. ஆனால் அங்கே முஸ்லிம்களும் இந்துக்களும் சீக்கியர்களும் சேர்ந்தே கறுப்புக் கொடியோடு ஊர்வலம் போனார்கள், ஒருவரை ஒருவர் வெட்டிக்கொள்ளவில்லை. ஜனவரி 4 அன்று திருமுடி திரும்பக் கிடைத்தது. ஆனால் ஸ்ரீநகரிலிருந்து வெகு தூரத்தில் உள்ள குல்னாவில் கண்டன ஊர்வலம் கலவரமாக மாறி, டாக்காவுக்குப் பரவி, அகதிகளோடு வதந்தியும் ரயிலேறி, கல்கத்தாவில் முஸ்லிம்கள் மேல் விழுந்தது. கதைசொல்லி இந்தச் சங்கிலியைக் கண்டுபிடித்ததும் திரிதீப் கொடுத்த பழைய அட்லஸை எடுத்து, குல்னாவில் காம்பஸின் முனையை ஊன்றி, ஸ்ரீநகர் வரை கையை நீட்டி ஒரு வட்டம் போடுகிறான். நம்மில் பலரைப் பென்சிலை எடுக்கவைக்கும் இடம் இது. கல்கத்தாவுக்கு டெல்லியைவிடத் தாய்லாந்தின் சியாங்மாய் பக்கம், ஸ்ரீநகரைவிடச் சீனாவின் செங்டு பக்கம். அட்லஸில் அளந்து பார்த்தால் இது உண்மைதான். ஆனால் சியாங்மாயில் எது நடந்தாலும் கல்கத்தாவில் ஒரு சோடா பாட்டில் உடையாது. ஸ்ரீநகரில் ஒரு பொருள் காணாமல் போனால் குல்னாவில் உயிர் போகிறது, குல்னாவில் உயிர் போனால் கல்கத்தாவில் குடிதண்ணீரில் விஷம் என்று பேச்சுக் கிளம்புகிறது. பிரிப்பதற்காகப் போட்ட கோடு டாக்காவையும் கல்கத்தாவையும் அதற்கு முந்தைய எந்த நூற்றாண்டிலும் இல்லாத அளவுக்கு ஒன்றோடொன்று கட்டிப்போட்டுவிட்டது என்ற முடிவுக்கு அவன் வருகிறான். வீட்டுச் சுவரின் கதைதான் மறுபடியும்.

அதே கட்டுகளில் அவன் பார்க்கும் இன்னொன்று பத்திரிகைகளின் நடத்தை. சில நாள் பெரிய எழுத்தில் கலவரம், பிறகு சட்டென்று எதுவுமே இல்லை. எத்தனை பேர் செத்தார்கள் என்பதற்கு ஒப்புக்கொள்ளப்பட்ட எண்ணிக்கை கிடையாது. 1962 சீனப் போருக்குப் பெயர் உண்டு, நினைவு நாள் உண்டு, நூல்கள் உண்டு. 1964 கலவரத்தை அவனுடைய படித்த நண்பர்களே கேள்விப்படவில்லை. அரசுகள் மோதிக்கொண்டால் அது வரலாறு ஆகிறது, குடிமக்கள் குடிமக்களைக் கொன்றால் அதை எங்கே வைப்பது என்று யாருக்கும் தெரிவதில்லை. அப்பா மகனிடம் விபத்து என்று சொன்ன பொய்யும் பத்திரிகை பக்கத்தைத் திருப்பிக்கொண்டதும் ஒரே காரணத்தால் நடந்தவை: இரண்டு பேரிடமும் அதைச் சொல்ல ஒரு வடிவம் இல்லை. குடும்பத்தின் மௌனத்தைத் தோண்டியவன் நாட்டின் மௌனத்தில் போய் முட்டுவதுதான் இந்த நாவலின் சாதனை என்பேன். கோஷுக்கு இது நூலகத்தில் மட்டும் கிடைத்த விஷயமல்ல. அதிகாரியின் மகனாக அவர் அந்த வயதில் டாக்காவில் இருந்தார், வீட்டு முற்றத்தில் அடைக்கலம் புகுந்த இந்துக்களையும் வெளியே தீப்பந்தங்களோடு நின்ற கும்பலையும் பற்றி 'பழங்கால நாட்டில்' என்ற தன் வேறொரு நூலில் எழுதியிருக்கிறார். 1984இல் டெல்லியில் சீக்கியர்கள் வேட்டையாடப்பட்ட நாட்களை நேரில் பார்த்த பிறகுதான் இந்த நாவலை எழுதத் தொடங்கினார் என்பதும் அவரே பதிவுசெய்திருப்பது.

நினைவு பொய் சொல்லும், நாவலாசிரியர் கற்பனை கலப்பார், இதற்கு வரலாற்றாய்வாளர் போதாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் இந்த நாவல் நினைவை நம்பச் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கதைசொல்லியின் நினைவில் தேதி தவறலாம், தண்ணீர் வதந்தியும் கிரிக்கெட்டும் கலந்து குழம்பலாம். அந்தக் குழப்பத்திலிருந்து சரிபார்க்கக்கூடிய ஒரு நூலை, மெட்ராஸ் டெஸ்டை, அவன் பிடித்து இழுக்கிறான். ஆவணத்திலோ குல்னா ஒரு பத்தியிலும் கல்கத்தா வேறொரு நாள் பத்தியிலும் கிடக்கின்றன, இரண்டும் ஒன்று என்று எந்தத் தாளும் சொல்லவில்லை. அவற்றைச் சேர்த்துப் படிக்க, அன்று பஸ்ஸில் உட்கார்ந்திருந்த ஒருவனின் பயம் வேண்டியிருந்தது. ஆவணம் இல்லாமல் அந்த நினைவு நண்பர்களின் கேலியோடு முடிந்திருக்கும். இந்த இரண்டும் சந்திக்கும் இடத்தில் நாவல் என்ற வடிவத்துக்கு வேலை இருக்கிறது.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கூர்மையானது. எல்லைகள் வெறும் நிழல் என்று சொல்வது சுலபம், முள்வேலியில் மாட்டிக்கொண்டவனிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள். இன்று இந்திய வங்கதேச எல்லை 4,096 கிலோமீட்டர், அதில் மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் வேலி. 2015இல் இரு நாடுகளும் 111 இந்தியத் திட்டுகளையும் 51 வங்கதேசத் திட்டுகளையும் பரிமாறிக்கொள்ளும்வரை, எந்த நாட்டுக் குடிமகன் என்பதே நிச்சயமில்லாமல் பல்லாயிரம் பேர் அங்கே வாழ்ந்தார்கள். இந்த நாவல் எல்லை மறுப்பு என்னும் மேட்டுக்குடிக் கனவு என்று விமர்சகர்கள் எழுதியதற்கு இதுவே அடிப்படை. தலைப்பை மட்டும் படித்தால் அந்த விமர்சனம் செல்லும். பாட்டியைப் படித்தால் செல்லாது. தேசம் என்பது ரத்தம் கொட்டி வாங்குவது, இங்கிலாந்துக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகப் போரில் செத்துத்தான் தங்கள் நாட்டைச் சம்பாதித்தார்கள் என்று அவர் பேசும் பேச்சை நாவல் எங்கேயும் கேலிசெய்யவில்லை. கல்லூரி நாட்களில் தன் வகுப்பில் இருந்த கூச்ச சுபாவமுள்ள புரட்சிக்காரப் பையன் போலீஸில் பிடிபட்டபோது, அவனுக்குச் சமைத்துப் போடவாவது முடிந்திருந்தால் என்று ஏங்கியவர் அவர். கோடு பொய் என்று நாவல் வாதாடவில்லை. கோடு போட்டுவிட்டால் அந்தப் பக்கம் வேறு உலகம் ஆகிவிடும் என்ற நம்பிக்கை பொய் என்கிறது. ஒருவருக்கொருவர் பிரதிபிம்பமாக ஆகிவிட்ட இரண்டு ஊர்கள், ஒன்றில் கல் விழுந்தால் மற்றதிலும் விழும்.

திரிதீப்பின் அண்ணன் மகள் இலா விஷயத்தில் நாவல் நியாயமாக நடந்துகொள்ளவில்லை என்ற குறையை மட்டும் என்னால் முழுக்க மறுக்க முடியாது. அப்பாவின் வேலையால் ஊர் ஊராக வளர்ந்தவள் இலா. எந்த நகரமும் அவளிடம் ஒட்டவில்லை, விமான நிலையங்களில் பெண்கள் கழிப்பறை எந்தப் பக்கம் என்பதுதான் நினைவு. கல்கத்தாவிலேயே வளர்ந்த கதைசொல்லியோ, திரிதீப் சொன்னதை வைத்தே லண்டன் தெருக்களில் அவளுக்கு வழிகாட்டுகிறான். ஓர் இடத்தைச் சொந்தமாக்குவது கால் அல்ல, கவனமான கற்பனை என்று நாவல் இங்கே சொல்லவருகிறது. ஆனால் அலைந்தே ஆக வேண்டிய பெண்ணை மேலோட்டமானவளாகவும், வீட்டில் இருந்தபடி கனவு கண்ட ஆணை ஆழமானவனாகவும் வைத்தது கொஞ்சம் வசதியான தராசுதான். இந்தத் தராசை நாவலே ஓரிடத்தில் ஆட்டிவிடுகிறது. சிறுவயதில் இலா ஒரு பொம்மையின் கதை சொல்வாள்: பள்ளியில் நிறவெறிப் பிள்ளைகள் அடிக்க வந்தபோது நிக் என்ற ஆங்கிலேயப் பையன் காப்பாற்றினான் என்று. நிஜத்தில் அவளோடு சேர்த்துப் பார்த்துவிடுவார்களோ என்று பயந்து நிக் முன்னாலேயே ஓடிப்போயிருந்தான். திரிதீப்பின் அழகான லண்டனில் இந்த அடி இல்லை, இலாவின் லண்டனில் இருக்கிறது. அந்த நிக்கையே அவள் பின்னால் கல்யாணம் செய்துகொள்கிறாள் என்பதை எப்படி எடுத்துக்கொள்வது என்று நாவல் நமக்கு விட்டுவிடுகிறது.

தமிழ் வாசகருக்கு இந்த 1964 அந்நிய ஆண்டு அல்ல. அதே ஆண்டு அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கை மலையகத் தமிழர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று தலை எண்ணிப் பிரித்தது, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஓரமாக வைத்தது. அதே ஆண்டுதான் பர்மாவில் கடைகள் அரசுடைமையாகி, தலைமுறைகளாக ரங்கூனில் இருந்த தமிழர்கள் கையில் கிடைத்ததோடு கப்பலேறினார்கள். பிறந்த ஊர் ஹட்டன், தேசம் இந்தியா என்று படிவம் நிரப்பியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று கூடலூரிலும் கோத்தகிரியிலும் இருக்கிறார்கள். தாம்மாவின் தடுமாற்றம் அவர்களுக்கு அகராதி தேடாமல் புரியும். வேறுபாடும் அங்கேதான்: தாம்மாவுக்கு டாக்கா போக விமானம் கிடைத்தது, தங்குவதற்குத் தங்கை கணவரின் அரசு வீடு கிடைத்தது.

அந்த வேறுபாடு நம்மைக் கலீலிடம் கொண்டுபோய் விடுகிறது. அன்று செத்த மூவரில் திரிதீப்புக்காக ஒரு நாவலே எழுதப்பட்டிருக்கிறது, கிழவருக்குச் சில பக்கங்கள். கிழவருக்குச் சோறுபோட்டுப் பார்த்துக்கொண்ட, அவரைத் தன் ரிக்‌ஷாவில் ஏற்றியதற்காக வெட்டப்பட்ட கலீலுக்கு மனைவி மக்கள் உண்டு. அவர்கள் பிறகு என்ன ஆனார்கள் என்று நாவலில் யாரும் கேட்பதில்லை, மௌனங்களைத் தோண்டுவதையே வேலையாகக் கொண்ட கதைசொல்லிகூடக் கேட்பதில்லை. குடும்ப நினைவு எவ்வளவு நேர்மையாக நடந்துகொண்டாலும் தன் குடும்பத்தின் வேலி வரைக்கும்தான் பார்க்கிறது, இந்த நாவலின் வரம்பும் அதுவே. கோஷ் அதை உணர்ந்திருக்க வேண்டும். 2004இல் எழுதிய 'பசித்த அலை'யில், தண்டகாரண்யத்துக்கு அனுப்பப்பட்டு அங்கிருந்து திரும்பி சுந்தரவனத்தின் மரிச்ஜாபி தீவில் குடியேறி, 1979இல் அடித்து விரட்டப்பட்ட ஏழை அகதிகளிடம் அவர் வந்து சேர்ந்தார். அப்போதும் கதையைச் சொல்வது படித்த ஒருவரின் நோட்டுப்புத்தகம். கிழக்கு வங்காளத்திலிருந்து குழந்தையாக வந்த நாமசூத்திர அகதியான மனோரஞ்சன் பியாபாரி, முகாமில் பட்டினி கிடந்து, ஜெயிலில் எழுத்துக் கற்று, கல்கத்தாவில் ரிக்‌ஷா இழுத்தவர். தன் வண்டியில் ஏறிய மகாசுவேதா தேவியின் தூண்டுதலால் எழுத வந்து, தன் சண்டாள வாழ்க்கையை வங்காளியில் தன்வரலாறாக எழுதினார். 'நிழல் கோடுகள்' படித்து முடித்தவர் அடுத்து எடுக்க வேண்டிய புத்தகம் அது. முதல் புத்தகத்தில் ரிக்‌ஷாவில் உட்கார்ந்தவர்களின் நினைவு இருக்கிறது, இரண்டாவதில் இழுத்தவரின் நினைவு.